பச்சைக் கோடு

துனிஸ்
மார்ச் 31

அன்புள்ள ரௌதா அக்கா,

பேனா பிடித்து எழுதி எத்தனை வருடம் ஆயிற்றோ. கோழி கிளறியது போல் இருக்கிறது என்று நீ சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். வேறு வழியில்லை, என் போன் எண்ணை நீ தடுத்து வைத்திருக்கிறாய். மின்னஞ்சல் பக்கமே போகக் கூடாது என்று வக்கீல் ஷாதுலி சொல்லிவிட்டார். "கம்ப்யூட்டர்ல எழுதுனா அது கோர்ட்டுக்கு எழுதுன மாதிரி தம்பி. அக்காகிட்ட ஏதாவது சொல்லணும்னா காகிதத்துல எழுது, படிச்சதும் கிழிக்கச் சொல்லு" என்றார். ஐந்து வருடமாக, கண்ணெதிரே காற்றில் படம் காட்டும் ஹெட்செட் செய்கிற கம்பெனிக்காரன், கடைசியில் ஸ்ஃபாக்ஸ் போகிற லுவாஜ் வேன் ஓட்டுநரிடம் கடிதம் கொடுத்து அனுப்புகிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்.

மோன்ஜி விழுந்து ஐந்து நாள் ஆகிறது. கைரவான் ஆஸ்பத்திரி வாசலில் என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் அம்மா வீட்டுக்கு வண்டி ஏறிவிட்டாய். நானா அவரைத் தள்ளிவிட்டேன்? ரவை ஆலையின் மூன்றாம் தளத்தில் நம் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நடந்தவர் அவர். கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் நீ. நான் துனிஸில் இருந்தேன்.

இதோடு ஒரு அறிக்கை வைத்திருக்கிறேன். ஷாதுலி எழுதியது. ரமலான் நோன்பில் இருந்த பராமரிப்புத் தொழிலாளி மோன்ஜி தலைசுற்றல் காரணமாக நிலைதடுமாறி, திறந்திருந்த துவாரத்தின் வழியே கீழ்த்தளத்தில் விழுந்தார். ஹெட்செட் முறையாக இயங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். ஆலைக்காரர்களும் இதையேதான் சொல்கிறார்கள். பகல் பதினோரு மணி, வெறும் வயிறு, ஐம்பத்து மூன்று வயது. யாருக்கும் இதில் சந்தேகம் இல்லை.

கம்பெனி நம் இருவர் பெயரிலும் இருப்பதால் உன் கையெழுத்தும் வேண்டும். பெருநாள் முடிந்ததும் தொழில் ஆய்வாளர் கோப்பை மூடிவிடுவார். ஏப்ரல் 22ஆம் தேதி பிரான்ஸிலிருந்து லியோன்காரர்கள் நம் ஹெட்செட்டுக்கு ஒப்பந்தம் போட வருகிறார்கள். இது மட்டும் முடிந்துவிட்டால் நம் பதினொரு பேருக்கும் மூச்சு வரும்.

போட்டு அதே ஓட்டுநரிடம் கொடுத்துவிடு. அம்மாவிடம் எனக்கு இருமல் இல்லை என்று சொல். இருக்கிறது, ஆனால் சொல்லாதே.

லஸ்ஸாத்


ஸ்ஃபாக்ஸ்
ஏப்ரல் 3

லஸ்ஸாத்,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. உன் கடிதத்தைக் கிழிக்கவும் இல்லை. அம்மாவின் மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. உன் வக்கீலிடம் சொல்.

கையெழுத்துப் போட மாட்டேன். ஏனென்று கேட்பாய், சொல்கிறேன்.

அன்று காலை மோன்ஜியின் இரு கண்களுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அவர் கை நடுங்கியது. அளவுகோலே ஆடியது. "உடம்புக்கு என்ன?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல மேடம்" என்றார். எனக்கு அன்று நோன்பு இல்லாத நாள். பத்து மணிக்கு, சல்லடைத் துணிகள் அடுக்கி வைத்திருக்கும் அறைக்குள் போய், மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்தேன். மீன் வைத்த ரொட்டி, அம்மா அரைத்த ஹரிஸா மிளகாய் விழுது. வாசலில் மோன்ஜி நின்றுகொண்டிருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார்.

"மேடம், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எனக்குச் சக்கரை. மூணு வருஷமா மாத்திரை போடுறேன். ஆலைக்குத் தெரிஞ்சா உயரத்துல ஏற விடமாட்டாங்க, கூட்டிப் பெருக்கத்தான் விடுவாங்க. வீட்டுக்காரிக்கே தெரியாது" என்றார்.

பாதி ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தேன். நன்றாகவே சாப்பிட்டார். ஹரிஸா காரம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்களுக்கு மாசத்துல ஒரு வாரம் லீவு உண்டு மேடம். நமக்கு ஏது" என்று சிரித்தார். கை நடுக்கம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் கழித்துத்தான் விழுந்தார். அவர் வெறும் வயிற்றோடு இல்லை, லஸ்ஸாத். தலையும் சுற்றவில்லை. உன் அறிக்கையில் முதல் வரியே பொய்.

இன்னொன்று. அந்தத் தளத்தில் சல்லடைப் பெட்டியைத் திறந்தால் ரவைத் தூசி கிளம்பும். தூசியில் கேமரா வழி தவறினால் படம் அணைந்துவிடும். அணையத்தான் வேண்டும். யாருக்கு ஹெட்செட் மாட்டினாலும் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தானே. படம் போனால் நில். மோன்ஜியை மூன்று தடவை சொல்லவைத்தேன். முந்தின வாரம் முழுக்கத் தூசி வந்தபோதெல்லாம் படம் அணைந்தது, அவரும் நின்றார். அன்றைக்கு மேகம் போலத் தூசி வந்தது. அவர் பார்ப்பதை நானும் என் கைப்பலகைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். நடைபாதையின் ஓரத்தைக் காட்டும் பச்சைக் கோடு அப்படியே இருந்தது.

ஏன் அணையவில்லை? மென்பொருள் உன் பக்கம். என்ன செய்தாய்?

ரௌதா


துனிஸ்
ஏப்ரல் 6

அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. உண்மையைச் சொல்கிறேன். ஐந்து வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்தவள், போலீஸ்காரி மாதிரி கேள்வி கேட்கிறாயே என்று. இரண்டு நாள் பதில் எழுதாமல் சுற்றினேன். 

ஏரிக்கரை ஹோட்டலில் லியோன்காரர்களுக்கு ஹெட்செட்டை இயக்கிக் காட்டினோமே, மார்ச் 20. அன்று நீ ஆலையில் இருந்தாய். அந்தக் கூடத்தில் மூன்று பக்கமும் கண்ணாடிச் சுவர், வெயில் நேராக அடிக்கிறது. கேமராவுக்குச் சுவர் எது, நிழல் எது என்று தெரியவில்லை. ஒத்திகையில் படம் அணைகிறது, வருகிறது, அணைகிறது. அவர்களோடு முன்கூட்டியே வந்திருந்த பெண், "எங்க வீட்டுப் பழைய டியூப்லைட் மாதிரி இருக்கே" என்று சிரித்தாள்.  மதியத்துக்குள் ஒரு மாற்றம் செய்தேன். கேமராவுக்கு வழி தெரியாமல் போனாலும் படம் உடனே அணையாது. தலை கடைசியாகப் போன திசையையும் வேகத்தையும் வைத்து ஊகித்து, மூன்று நொடி வரைந்துகொண்டே இருக்கும். மூன்றே நொடி. சாயங்காலம் படம் ஒரு தடவைகூட இமைக்கவில்லை. எழுந்து நின்று கைதட்டினார்கள். உனக்குப் போன் செய்து கத்தினேனே, ஞாபகம் இருக்கிறதா?

அது ஹோட்டலுக்காக மட்டும் செய்தது. எடுத்துவிடத்தான் இருந்தேன். ஆனால் 25ஆம் தேதி ஆலைக்கு அனுப்பவேண்டிய ஹெட்செட்டையும் மற்ற மூன்றையும் ஒன்றாக வைத்து, ஒரே மென்பொருள் பிரதியிலிருந்து ஏற்றினேன். எது எந்தப் பிரதி என்று பெயர் பார்க்கவில்லை, ஏறியது ஹோட்டல் பிரதி. என் வேலைதான் அது. பார்க்கவில்லை.

இப்போது சொல். இதை ஆய்வாளரிடம் போய்ச் சொல்லவா? ஷாதுலியிடம் "ஒருவேளை இப்படி இருந்தால்" என்று கேட்டுப் பார்த்தேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "தம்பி, நீ சொன்னத நான் கேக்கல" என்றார். கவனக்குறைவால் ஒருவனை ஊனமாக்கியதற்கு ஜெயில். லியோன்காரர்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பதினொரு பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அம்மா ஜெயில் வாசலில் கூடையோடு நிற்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார்.

உனக்குச் சொல்வது சுலபம். நீ ஊர் போய்ச் சேர்ந்துவிட்டாய். இங்கே இருப்பவன் நான்.

அறிக்கையைத் திருப்பி அனுப்பு. கையெழுத்தோடு.

லஸ்ஸாத்


ஸ்ஃபாக்ஸ்
ஏப்ரல் 9

தம்பி,

அம்மா அடுக்களையில் பெருநாள் குழம்பு ஷர்மூலாவுக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டிருக்கிறாள். உப்பு மீன் ஊறுகிறது. "அவன் பெருநாளுக்கு வருவானா மாட்டானா?" என்று நேற்றிலிருந்து இருபது தடவை கேட்டுவிட்டாள். "வேலை" என்று சொல்லியிருக்கிறேன். உனக்காகச் சொல்கிற பொய் கூடிக்கொண்டே போகிறது.

நேற்று கைரவான் போய் மோன்ஜியைப் பார்த்தேன்.

இடுப்பெலும்புக்குத் தகடு வைத்திருக்கிறார்கள். வலது கணுக்கால் நொறுங்கியிருக்கிறது, அங்கே புண் ஆறவில்லை. இரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை இருப்பது வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன ஆயிற்று தெரியுமா? அவர் மனைவி மன்னூபியா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். "பாருங்க மேடம், இவ்வளவு சக்கரைய வச்சிக்கிட்டு ஒரு நோன்பு விடல இந்த மனுஷன். நோன்போட விழுந்திருக்கார். எங்க தெருவே அவருக்காகக் கை ஏந்துது" என்கிறாள். கட்டிலைச் சுற்றிப் பக்கத்து வீட்டார் கொடுத்த மக்ரூத் இனிப்புப் பெட்டிகள். பள்ளிவாசலில் அவர் பெயர் சொல்லி துஆ கேட்டார்களாம். மோன்ஜி சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

அவள் பாத்திரம் கழுவப் போனதும் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"மேடம், அந்த ரொட்டி நம்ம ரெண்டு பேரோட போகட்டும்."

"யார்ட்டயும் சொல்லல" என்றேன். உன்னிடம் எழுதிவிட்டேன் என்பது ஞாபகம் வந்தது.

"அல்லாஹ் பாத்துட்டான்" என்றார். "பச்சைக் கோடு இருந்துச்சு மேடம். கோட்டுக்கு உள்ளதான் கால வச்சேன். கீழ தரை இல்ல. படம் போகல, போயிருந்தா நின்னிருப்பேன். மெஷின் சரியாத்தான் காட்டுச்சு. என் காலத்தான் அவன் பிடிச்சு இழுத்துட்டான்."

நோயாளிக்கு நோன்பு கட்டாயம் இல்லையே என்று சொன்னேன். "நான் நோயாளியா சாப்பிடலியே. நோய மறச்சுத் திருடனா சாப்பிட்டேன். ஒரு மணி நேரத்துல கூலி குடுத்துட்டான்" என்றார். சத்தம் வராமல் அழுதார், லஸ்ஸாத். ஐம்பத்து மூன்று வயது மனிதர்.

நான் உனக்கு எழுதாத ஒன்று இருக்கிறது. தூசி கிளம்பியபோது அவர் ஒரு கணம் தயங்கினார். என் பலகையில் பச்சைக் கோடு அசையாமல் இருந்தது. நான்தான் கீழேயிருந்து, "பச்சை தெரியுதுல்ல, நேராப் போங்க மோன்ஜி" என்று கத்தினேன். அவர் போனார். அந்த வார்த்தை என் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

ரொட்டி விஷயத்தை நான் ஆய்வாளரிடம் சொன்னால் அவர் ஊரில் தலைகாட்ட முடியாது. அதனால் என் வாய் கட்டிக் கிடக்கிறது. நீ சொன்னால் அவர் பெயருக்கு ஒன்றும் ஆகாது. மூன்று நொடியைப் பற்றி மட்டும் சொன்னால் போதும். ஆய்வாளரிடம் இப்போது முடியாது என்றால் முதலில் அவரிடம் சொல். தன்னைப் படைத்தவன் தள்ளிவிட்டான் என்று நினைத்துக்கொண்டு ஒரு மனிதர் படுத்திருக்கிறார். தள்ளியது யார் என்று உனக்கும் எனக்கும் தெரியும்.

பெருநாளன்றாவது போ.

ரௌதா


துனிஸ்
ஏப்ரல் 13

அக்கா,

போனேன். பெருநாளுக்கு மறுநாள் போனேன். உனக்காகத்தான் போனேன் என்று முதலில் எழுதினேன், அடித்துவிட்டேன். எனக்காகவும்தான்.

நல்ல பக்லாவா ஒரு பெட்டி வாங்கிக்கொண்டேன். வழி முழுவதும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். "மோன்ஜி, தப்பு என்னோடது." இவ்வளவுதானே. நான்கு வார்த்தைகூட இல்லை.

உள்ளே நுழைந்ததும் மன்னூபியா எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மோன்ஜி இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்து முத்தம் கொடுத்தார். "பெரிய எஞ்சினியர், நம்மளப் பாக்க துனிஸ்லேந்து வந்திருக்கார் பாரு" என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் பெருமை வேறு. பிறகு குரலைத் தாழ்த்தி, "சார், அந்த மெஷின் உடைஞ்சு போச்சா? தலையில இருக்கும்போதே விழுந்துட்டேன். அது ரொம்ப விலைன்னு மேடம் சொல்லியிருந்தாங்க" என்று கேட்டார்.

கீறல்கூட இல்லை என்றேன். அதுதான் நான் அங்கே சொன்ன ஒரே உண்மை.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது, நீயே சொல்.  ஒரு மணி நேரம் உட்கார்ந்து காப்பி குடித்தேன், கால்பந்து பேசினேன், அவர் மகள் படிப்பைப் பற்றி விசாரித்தேன். கிளம்பும்போது மன்னூபியா என் பையில் மக்ரூத் திணித்தாள். வண்டியில் உட்கார்ந்து ஒன்றை வாயில் போட்டேன். மென்றதை ஜன்னல் வழியே துப்பினேன்.

22ஆம் தேதி வரை பொறுத்துக்கொள். ஒப்பந்தம் ஆகட்டும். அவருடைய வைத்தியம் முழுவதையும் நாமே பார்த்துக்கொள்ளலாம், நல்ல ஆஸ்பத்திரிக்கு மாற்றலாம். பிறகு நானே போய்ச் சொல்கிறேன். சத்தியம். அறிக்கையில் உன் கையெழுத்து இல்லாவிட்டாலும் பரவாயில்லை, என்னுடையது ஒன்றே போதும் என்று ஷாதுலி பேசி முடித்துவிட்டார். மோன்ஜியும் நேற்று போட்டுவிட்டாராம், படித்துக்கூடப் பார்க்காமல்.

இந்த வருடம் ஷர்மூலா கிடைக்கவில்லை. வைத்திருந்தால் ஓட்டுநரிடம் ஒரு கிண்ணம் கொடுத்து விடு. திட்டிக்கொண்டே கொடுத்தாலும் சரி.

லஸ்ஸாத்


ஸ்ஃபாக்ஸ்
ஏப்ரல் 21

லஸ்ஸாத்,

ஷர்மூலா இல்லை. இருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டேன்.

கோப்பு மூடியாயிற்று என்று ஆய்வாளர் அலுவலகத்திலிருந்து தாள் வந்தது. உனக்குச் சந்தோஷமாக இருக்கும். நாளைக்கு நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு கையெழுத்துப் போடு.

அதற்கு முன் இதைப் படித்துவிடு. மோன்ஜி நோன்பு வைக்கிறார். ஆஸ்பத்திரிக் கட்டிலில். பெருநாளுக்குப் பின் வைக்கிற ஆறு நோன்பு என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். மன்னூபியா ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிறாள். அது ஆறு நோன்பு இல்லை என்று எனக்கு மட்டும் சொன்னார். மறைத்துச் சாப்பிட்ட நாட்களுக்கு ஈடாக வைக்கும் கழா நோன்பு. மூன்று ரமலானுக்கும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். பகலில் மாத்திரை இல்லை, தண்ணீர் இல்லை. சர்க்கரை ஏறுகிறது, திடீரென்று இறங்குகிறது. கணுக்காலில் புண் கறுத்துவிட்டது. டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "இப்படியே ஒரு வாரம் போனா காலை எடுக்கணும். நீங்களாவது சொல்லுங்க, எங்க பேச்சக் கேக்க மாட்டேங்கறார்" என்றார்.

நீ சொல்லாததை நானே சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஹோட்டல், மூன்று நொடி, ஒரே பிரதி எல்லாம். நான் கீழேயிருந்து கத்தியதையும் சொன்னேன்.

அவர் என் தலையைத் தடவிக் கொடுத்தார். "உங்களுக்கு நல்ல மனசு மேடம். என்னைத் தேத்துறதுக்கு இப்படிச் சொல்றீங்க. மெஷின் செஞ்சவரு உங்க தம்பி. பெருநாளுக்கு வந்து ஒரு மணி நேரம் இதே நாற்காலில உக்காந்திருந்தாரு. அப்படி ஒண்ணு இருந்தா அவருக்குத் தெரியாதா? வாயத் திறந்து சொல்லியிருக்க மாட்டாரா? காகிதத்துலயும் மெஷின் சரின்னு கையெழுத்துப் போட்டிருக்காரு" என்றார்.

என் உண்மையை உன் மௌனம் பொய்யாக்கிவிட்டது. நீ அங்கே போகாமலே இருந்திருக்கலாம். போகச் சொன்னவளும் நான்தான்.

இனி அவர் யார் பேச்சையும் நம்பமாட்டார், உன் பேச்சையும் சேர்த்து. கண்ணால் பார்த்தால்தான் நம்புவார். அந்த ஹெட்செட்டில் இன்னும் அந்தப் பிரதிதான் இருக்கும், கீறல்கூட இல்லை என்றாயே. எடுத்துக்கொண்டு போ. அவர் தலையில் மாட்டு. மற்றதை நீ பார்த்துக்கொள், நீதானே கெட்டிக்காரன்.

இதைக் காலை முதல் வண்டியில் கொடுத்து அனுப்புகிறேன். நீ கையெழுத்துப் போடும் மேசைக்குப் போவதற்குள் வந்துவிடும்.

ரௌதா


கைரவான், லுவாஜ் நிலையம்
ஏப்ரல் 26

அக்கா,

22ஆம் தேதி உன் கடிதம் வந்தபோது சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். போகவில்லை. மறுநாள் ஆய்வாளர் அலுவலகத்தில் அந்தப் பிரதியையும் இரண்டு பக்க வாக்குமூலத்தையும் கொடுத்தேன். ரொட்டி பற்றி அதில் ஒரு எழுத்து இல்லை. குமாஸ்தா முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு, "மூடின கோப்ப எதுக்குய்யா தொறக்கறீங்க?" என்று அலுத்துக்கொண்டார். ஷாதுலி என் போனை எடுப்பதில்லை. லியோன்காரர்கள் இரண்டு வரியில் விலகிக்கொண்டார்கள். நம் ஆட்களிடம் நானே ஒவ்வொருவராகச் சொன்னேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இன்று காலை மோன்ஜியிடம் போனேன். முகம் மஞ்சளாக வற்றிப்போயிருந்தது. உதடு வெடித்திருந்தது. ஹெட்செட்டைப் பார்த்ததும் கட்டிலில் ஒடுங்கினார். மன்னூபியா, "இது எதுக்கு மறுபடி?" என்றாள். அவருக்கு ஒன்று காட்ட வேண்டும், கொஞ்ச நேரம்தான் என்று கெஞ்சினேன். நீ அளந்து வைத்த கண்ணளவு அப்படியே இருந்தது, மாட்டியதும் படம் கச்சிதமாக விழுந்தது.

கட்டிலின் ஓரத்துக்கு ஹெட்செட்டில் பச்சைக் கோடு வரைந்தேன். "எங்க இருக்கு, தொட்டுக் காட்டுங்க" என்றேன். கை நீட்டி விளிம்பைத் தொட்டார். சரியாக இருந்தது. "இப்ப தலைய மெதுவா ஜன்னல் பக்கம் திருப்புங்க" என்றேன். திருப்பும்போது என் உள்ளங்கையால் கேமராக்களைப் பொத்தினேன்.

"படம் போச்சா?"

"போகல. இருக்கு."

"கோட்டத் தொடுங்க."

தொட்டார். அங்கே கட்டில் இல்லை. கை வெறும் காற்றில் விழுந்து, கட்டிலுக்கு வெளியே தொங்கியது. நான் கையை எடுத்ததும் கோடு துள்ளிப் பழைய இடத்துக்குப் போனது. அவர் தொங்குகிற தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவ" என்றார்.

செய்தேன். இந்தத் தடவை அவர் வாய்விட்டு எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு. மூன்றில் படம் அணைந்தது.

"இப்பத்தான் நில்லுன்னு சொல்லுது" என்றார்.

"ஆமா. மூணு நொடி லேட்டா சொல்லுது. முன்ன உடனே சொல்லும். நான்தான் மாத்தினேன், ஆளுங்க முன்னாடி அணைஞ்சு அணைஞ்சு வரக் கூடாதுன்னு. மாத்தினத எடுக்க மறந்துட்டேன். பெருநாளுக்கு வந்தப்பவே சொல்ல வந்தேன், சொல்லாமப் போயிட்டேன்" என்றேன். அந்த மூன்று வார்த்தைக்குப் பதிலாக இத்தனை வார்த்தை வந்தது.

"மூணு எண்ணுறதுக்குள்ள ஒரு ஆளு எத்தன அடி வைப்பான்?"

"மூணு, நாலு வைக்கலாம்."

"நான் ஒண்ணுதான் வச்சேன்" என்றார்.

அவரே ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.  பிறகு, "மன்னூபியா, தண்ணி குடு" என்றார்.

"என்னது? நோன்பு! மணி பன்னெண்டுகூட ஆகல..."

"தண்ணி குடு புள்ள. மாத்திரையும் குடு."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஊற்றிக் கொடுத்தாள். முழு தம்ளரையும் நிறுத்தாமல் குடித்தார். இன்னொன்று கேட்டுக் குடித்தார். கழுத்து வழியே சட்டையில் வழிந்தது, துடைக்கவில்லை. அவள் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். கால் தப்புமா என்று தெரியவில்லை அக்கா. பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார் டாக்டர்.

அவள் போனதும் மோன்ஜி ஹெட்செட்டை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் கொடுத்தார், விலை உயர்ந்த பொருள் என்பதுபோல் ஜாக்கிரதையாக.

"மேடம்கிட்ட சொல்லுங்க" என்றார். "அந்த ரொட்டி நல்லா இருந்துச்சுன்னு."

சொல்கிறேன் என்றேன். இன்னும் ஏதாவது சொல்வார் என்று நின்றேன். அன்றைக்கு என் முகத்தைப் பிடித்து முத்தம் கொடுத்தவர், இன்று ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க போகலாம் சார்" என்றார்.

லஸ்ஸாத்